முதல் பழுது

வேன் கதவை நான் சாத்துவதற்குள் மார்கித் கத்தினாள்:
"ஆடுகள் தண்ணீரைத் தொடமாட்டேன் என்கின்றன!"
கால்நடை டாக்டர் இரண்டு தடவை வந்து போயாயிற்று.
மின்சாரக் கம்பெனிக்காரியை
எப்போதும் கடைசியில்தான் கூப்பிடுவார்கள்.

தகரத் தொட்டி. மீட்டரின் ஒரு முனையை அதில் வைத்தேன்,
மறுமுனையை ஈரச் சாணியில்.
பத்தொன்பது வோல்ட்.
ரப்பர் பூட்ஸ் போட்டவளுக்கு அது ஒன்றுமே இல்லை.
நாலு ஈரக் குளம்பும் ஒரு நாக்கும் இருந்தால்
தெரியும்.

பிரெஞ்சுக் கடற்கரையில் ஒரு கோடை வேலை பார்த்தேன்.
அங்கே வீட்டுக்கு வீடு சொந்தமாக ஒரு செம்புக் கோல்,
தன் தோட்டத்தில் தானே அடித்தது.
போன மின்சாரமும் வந்த மின்சாரமும்
கடுகளவு கணக்கு இடித்தால்
சுவிட்ச் படக்கென்று விழும்.
ஆகஸ்டு வெயிலில் மண் வெடித்தபோது
ரொட்டிக்கடைக்காரர் ஒருவர்
கோலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்,
ரோஜாச் செடிக்கு ஊற்றுவதுபோல.

பிரிஸ்டலில் என் தங்கை வீட்டில் வேறு ஏற்பாடு.
நியூட்ரலும் எர்த்தும் தெருவெல்லாம் ஒரே கம்பியாக வந்து
மீட்டர் பெட்டியில்தான் தனிக்குடித்தனம் போகின்றன.
பழுதென்றால் ஃபியூஸ் அந்த நொடியே போகும்.
சுத்தமான வேலை.
தெருவில் அந்த ஒற்றைக் கம்பி அறுகிற நாள் மட்டும்
குளியலறைக் குழாயைத் தொடக்கூடாது.

எங்கள் ஃபியோர்டில் இரண்டும் இல்லை.
இங்கே டிரான்ஸ்பார்மர் மண்ணில் கால் வைப்பதே இல்லை.
மண் எங்கே இருக்கிறது வைக்க?
பாறை, பாறைமேல் ஒரு சாண் பாசி.
மூன்று ஃபேஸும் அந்தரத்தில் ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன.
ஒன்று மண்ணில் சாய்ந்தால்
மற்ற இரண்டும் கொஞ்சம் எம்பி நிற்கும்.
விளக்கு எரியும். உருளைக்கிழங்கு வேகும்.
முதல் பழுதுக்கு இங்கே மன்னிப்பு உண்டு.
படிக்கிற காலத்தில்
எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

குட்டிகளுக்குச் சூடு தருகிற கம்பியை எலி கடித்திருந்தது.
மூன்றாம் ஃபேஸ்.
ஆனால் தனியொரு பழுது பத்தொன்பது வோல்ட் தராது.
எதிரே இன்னொன்று வேண்டும்.

"அந்தப் பக்கம் போகாதே" என்றாள்.
ஓடைக்கு அக்கரையில் ஹல்வார் வீடு.
நடுவில் ஒரு வேலி, வேலிமேல் சாய்ந்த ஆப்பிள் மரம்,
பதினோரு வருஷம்.

போனேன். நிலவறையில் வெந்நீர்த் தொட்டி,
உள்ளே சூடேற்றும் குழல் துருப்பிடித்து வாய் பிளந்து,
முதல் ஃபேஸ் நேராகத் தண்ணீரில்.
எத்தனை மாதமோ.
"வெந்நீர் வருகிறதே" என்றார் ஹல்வார்.
வாஸ்தவம். வந்துகொண்டுதான் இருந்தது.

அங்கே கிளம்பி, செம்புக் குழாய் வழியே
ஓடைக்கரை மணலில் இறங்கி,
ஓடைக்கு அடியில், வேலிக்கு அடியில்,
அந்த மரத்தின் வேருக்கும் அடியில் நடந்து
தகரத் தொட்டியில் ஏறி
எலி கடித்த இடத்தில் நுழைந்து,
பிறகு வந்த வழியே திரும்பி.
நொடிக்கு ஐம்பது தடவை இந்தப் போக்குவரத்து.
ஃபியூஸ் உருகப் பாறை விடவில்லை.
நான் இருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.
படிவத்தில் "இரட்டைப் பழுது" என்று எழுதினேன்.

ஹல்வாரின் சுவிட்சை இறக்கினேன்.
கொஞ்ச நேரத்தில் அக்கரையிலிருந்து ஒரு கூச்சல்.
"என்னவாம் அவளுக்கு?"
"ஆடு தண்ணீர் குடிக்கிறதாம்."
தலையை ஆட்டினார்.
"எனக்கு எப்போது வெந்நீர்?"

மார்கித் தன் கம்பியை அணைக்கச் சம்மதிக்கவில்லை.
ஏப்ரல், குட்டிகள் பிறந்து மூன்று நாள், இரவு பனி விழும்.
வியாழக்கிழமை வருவதாகச் சொன்னேன்.

போகிற வழியில் டிரான்ஸ்பார்மர் அறையைத் திறந்து பார்த்தேன்.
மூன்றாவது முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.
மற்ற இரண்டும் இருநூற்று முப்பதில் விறைப்பாக.
வெளியே ஊர் முழுக்க
விளக்கு எரிந்துகொண்டிருந்தது.