கையெழுத்திட்ட பிறகு

பூஜ்யம், ஒன்று.
இரண்டு தாள்களிலும் இருவரும் கையெழுத்திட்டாயிற்று.
லியெபாயா ரயில்வே மன்றத்தில் இனி
என் வெற்றியை யாரும் பிடுங்க முடியாது.
இல்க்வார்ஸ் மேலங்கியை மாட்டவில்லை.
காய்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினான்.

"ஒரு நிமிஷம், விஸ்மா."
சதுரங்கக்காரர்களின் ஒரு நிமிஷம் எவ்வளவென்று
சாவிக்கொத்தோடு நிற்கும் ஸெல்மாவுக்குத் தெரியும்.
நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைகள்மேல் ஏற்றுகிறாள்,
எங்களுடையதை மட்டும் விட்டு.

நான் கறுப்பு. இரண்டாவது நகர்த்தலிலேயே
ராஜாவை மறைக்கும் சிப்பாயை
எஃப் ஐந்தில் கொண்டுபோய் நிறுத்துவேன்,
பிப்ரவரிக் குளிரில் வாசல் கதவைக் கழற்றி
அடுப்பில் போட்டதுபோல.
எங்கள் நாட்டுப் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்
இந்தக் காம்பிட்டுக்கு.
பெருமைக்கா கேலிக்கா, எனக்கு இன்னும் தெரியாது.
கணினியிடம் காட்டினால் மூக்கைச் சுளிக்கிறது.
வாரம் முழுக்க டிராம் ஓட்டுகிறவள் நான்.
தண்டவாளம் போகிற இடத்துக்குத்தான் போக முடியும்.
ஞாயிற்றுக்கிழமையாவது தடம் புரள வேண்டாமா?

ஆட்டத்தில் அவன் குதிரை எஃப் ஏழில் குதித்து
என் யானைக்கு வாய் திறந்தது.
அங்கேதான் மாட்டினான்.
யானையைத் தின்ற குதிரை மூலையிலேயே கிடக்க
என் ராணி அவன் வீட்டுக் கொல்லைக்குள்.
பதினாறாம் நகர்த்தலில் கை நீட்டினான்.

இப்போது அதே குதிரையைப் பின்னுக்கு எடுத்து
இ ஐந்தில் வைக்கிறான்.
"இங்கே, பேராசைப்படாமல், டி நான்கு."
ஒரு சிப்பாய். இரண்டு கட்டம்.
பால் வாங்கப் போகிற மாதிரி.
"நீ ஜி இரண்டை அடி." அடித்தேன்.
"ராணி, செக்." சிப்பாயால் மறைத்தேன்.
"பிஷப், செக்." ராஜாவை டி எட்டுக்கு நகர்த்தினேன்.
அந்தச் சிப்பாயை பிஷப் தின்றது.
அவன் யானையை நான் தின்றேன், செக்கோடு.
அவன் ராஜா ஒரு படி ஏறி நின்றுகொண்டான்.
மூலைப் பக்கத்து பிஷப்பையும் தின்றேன்.
விருந்துதான்.
ஆனால் என் ராணி அவன் வீட்டுக் கடைசி அறையில்,
என் ராஜா தெருவில்.

அப்புறம் அந்தக் குதிரை. செக்.
அது விலகியதும் பின்னால் ஒளிந்திருந்த பிஷப்பின் செக்,
போகிற போக்கில் என் யானையும்.
துறைமுகத்தில் தூர்வாரும் கப்பலின் மெக்கானிக் அவன்.
நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.
காயை வைத்தால் கட்டத்தின் நடுவில்தான் வைப்பான்.

"இதற்குள் எனக்கு ஏதாவது இருக்கும்."
தேடினேன். பிஷப்பைத் தின்று பார்த்தேன்.
ராணி விரட்டியது, குதிரை விரட்டியது,
ராஜாவை இ ஏழுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அப்போதுதான்
தொடக்கத்திலிருந்து பி ஒன்றில் தூங்கிய
மற்ற குதிரையைத் தொட்டான்.
சி மூன்று.
செக் இல்லை. சத்தம்கூட இல்லை.
அது எழுந்துபோன இடம் காலி.
அவனுடைய கடைசி யானை, காவலில்லாமல்,
என் ராணியின் வாய்க்கு நேரே.

"எடு" என்றான்.

எடுத்தால் மூன்றே நகர்த்தலில் மேட்.
குதிரை, குதிரை, ராணி.
எடுக்காத வழிகளையும் பார்த்தோம்.
அவை இன்னும் அசிங்கம்.

பலி கொடுத்து ஆடுகிறவள் நான் என்றல்லவா இருந்தேன்.
என் ஒற்றைச் சிப்பாய்க்கு எதிரே
யானை இரண்டு, பிஷப் இரண்டு வைக்கிறான் அவன்,
தோற்ற பிறகு,
யாரும் குறித்துவைக்காத பலகையில்.

"டி நான்கு எப்போது தெரிந்தது?"
"குதிரையை விட்டுக் கை எடுத்ததும்."
அதற்கப்புறம் இரண்டு மணி நேரம்
அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.
ஒன்றும் தெரியவில்லை எனக்கு.

ஸெல்மா பாதி விளக்கை அணைத்தாள்.
வெளியே கடல் காற்று உப்பை வாரி முகத்தில் அடித்தது.
"இதை மன்றத்தில் யாரிடமும் சொல்லாதே" என்றேன்.
"சொன்னால் எஃப் ஐந்தை விட்டுவிடுவாயா?"

நல்லவேளை, டிராம் வந்தது.
என் டிராம்தான். வேறொருத்தி ஓட்டினாள்.
வளைவில் கொஞ்சம் வேகமாகவே திருப்பினாள்.