அவன் வருகிற வழி

போன வருசம் கிடைத்தது அம்புதான், ஆள் இல்லை.
வெடிச்சத்தம் கேட்கவில்லை, நாய் குரைக்கவில்லை.
ஓடைமணலில் ரத்தம் கறுத்து
நாலாம் நாள்
ஒரு அலுமினியக் குச்சி,
மூன்று பச்சை இறகில் ஒன்று பிய்ந்து.
மிளாவுக்குப் பின்னந்தொடை இரண்டும் இல்லை.

அதனால் இந்த ஆடிக்கு
அவன் வேட்டைக்கு நானே திட்டம் போடுகிறேன்.
கடையம் காட்டின் வரைபடம்,
காதில் செருகின பென்சில்,
பலவேசம் போட்ட கடுங்காப்பி.

முதலில் நாள்.
அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில்
வண்டி வண்டியாய்ச் சனம் இறங்கும்,
காவலர்களில் பாதிப்பேர் அங்கே நின்று
பிளாஸ்டிக் பை பிடுங்கிக்கொண்டிருப்போம்,
அன்றைக்குத்தான் வருவான் என்கிறார் ரேஞ்சரம்மா.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
தலையில் லைட் கட்டிக்கொண்டு வருகிறவன் துப்பாக்கிக்காரன்.
வில்லுக்கு வெளிச்சம் வேண்டும்.
இவன் விடிகாலைக்காரன்,
ஒரு வாரம் முந்தியே வருவான்,
சாரலில் சருகு நனைந்து
மிதித்தால் முனகாத நாளாகப் பார்த்து.

அப்புறம் காற்று.
ஆடிக்காற்று மலையிலிருந்து ஊருக்கு இறங்குகிறது.
மேலே இருந்து வந்தால் அவன் வாசம் அவனுக்கு முன்னால் போய்விடும்.
ஆகவே கீழே இருந்துதான் ஏறவேண்டும்,
வயக்காடு தாண்டி, கால்வாய் தாண்டி,
நம்ம ஊர் வழியாக.
பென்சில் அந்த இடத்தில்
கொஞ்ச நேரம் நின்றது.

மூன்று நாளாகச் சோப்புப் போட்டிருக்கமாட்டான்.
பீடி கிடையாது.
சட்டையை எருமைத் தொழுவில் தொங்கவிட்டிருப்பான்,
அடிவாரத்து மிளாவுக்குத் தெரிந்த வாசம் அது.
குறி பழகியது வாழைத்தோப்பில்.
தண்டில் அம்பு இறங்கினால் சத்தம் வராது,
கறை மட்டும்தான் சட்டையில் ஒட்டும்.
இப்போதெல்லாம் பஸ்ஸில் போகும்போதும்
நான் சட்டைகளைப் பார்க்கிறேன்.

கொம்பு இன்னும் தோலுக்குள் இருக்கிற மாசம்,
பட்டால் வலிக்கும்.
கிடா புதர்க்காட்டுக்குள் நுழையாது,
வெட்டவெளியாய் உப்புப்பாறைக்கு வரும்.
பாறைக்குக் கிழக்கே மருதமரம்.
அதன் பின்னால் அவன்.
எத்தனை அடியிலே விடுவான்?

'இருவது கஜம்' என்றான் பலவேசம்.
'அதுக்கு மேல விட்டா நெஞ்சுல ஏறாது வே.'
உனக்கு எப்படித் தெரியும் என்று
நான் கேட்கவில்லை.
அவன் டம்ளரை ஊதிக்கொண்டிருந்தான்.
இரண்டு தொடை எழுபது கிலோ வரும்,
ஒத்தை ஆள் சுமக்க முடியாது என்பதையும்
நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன்.
திட்டம் சரிதானா என்று பார்க்கத்தான்.
சோப்புப் போடவில்லை.
பீடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.
வயக்காடு, கால்வாய், முகத்தில் காற்று.
மருதமரத்தின் பின்னால் உட்காரும்போது
அங்கே யாரோ உட்கார்ந்து புல் படிந்திருக்கிறதா என்று
தடவிப் பார்த்தேன்.
ஈரம்தான் இருந்தது.

ஆறு மணி சுமாருக்கு வந்தது.
முதலில் காது, அப்புறம் அந்தக் கொம்பு,
பலாப்பிஞ்சின் மேல்தோல் போலச் சொரசொரவென்று.
பாறையை நக்குகிற சத்தம்
எனக்கே கேட்டது.
பதினெட்டு கஜம் இருக்கும்.
முன்னங்காலை ஒரு அடி எடுத்து வைத்தது,
விலா முழுசாகத் திறந்தது.

நான் மூச்சுவிடவில்லை.
பிறகுதான் பார்த்தேன்:
வலதுகையின் இரண்டு விரல்
தாடைக்குப் பக்கத்தில் வந்து
மடங்கி நிற்கின்றன.
அவற்றை ஒவ்வொன்றாக விரித்தேன்.
மிளா நிமிர்ந்து
மரத்தைப் பார்த்தது. ஓடவில்லை.
காற்று இன்னும் என் பக்கம்தான்.

குடிலில் பலவேசம் நோட்டை விரித்துக் கொடுத்தான்.
கிடா ஒன்று, உப்புப்பாறை, காலை ஆறு பத்து
என்று வாயால் சொன்னேன்.
ஆள் நடமாட்டம் என்று ஒரு கட்டம் உண்டு.
'என்ன எழுத?'
அதை நானே எழுதுகிறேன் என்றேன்.
பென்சில் இல்லை, சாயங்காலம் பார்ப்போம் என்றேன்.

அவன் என் காதைப் பார்த்தான்.