பச்சைப் பொத்தான்

மகன் திருப்பூரிலிருந்து வந்து வைத்துவிட்டுப் போனது.
ரொட்டிப் பெட்டி அளவு. திரை இல்லை, மவுஸ் இல்லை,
ஒரே ஒரு பச்சைப் பொத்தான்.
"படிச்சிட்டா அமுக்கு. அவ்வளவுதான்."

அட்டனில் தங்கச்சி சொல்லச் சொல்ல
அவள் பேரன் கிங்ஸ்லி தட்டுகிறான்.
இங்கே சேரம்பாடியில் பெட்டி நாக்கை நீட்டுகிறது:
மாடு கன்னு போட்டிருக்கு.
மருமகளோடு பேச்சில்லை.
லயத்துக்குப் புதுத் தகரம், அதுவும் ஒழுகுது.
எழுத்து பெரிசு; கண்ணாடி தேட வேண்டாம்.
பதில் எழுத இதில் வழியில்லை.
எழுபத்துநாலில் நான் கப்பலேறிய அன்றும்
அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆடியில் மரம் விழுந்து கம்பி அறுந்தது.
ஐந்து நாள் கரண்ட் இல்லை.
ஆறாம் நாள் விடியுமுன்
பெட்டி இருமி இருமித் துப்பியது:

அங்கே மழையா?

பொத்தான் அமுக்கலையே நீ.

கிங்ஸ்லி போனில் பச்சையா ஒரு பொட்டு வரும், வரலை.

அக்கா.

பிறகு ஒரு வெறுந்தாள்.

கொழுந்து நிறுக்கிற மாதிரி
ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அமுக்கினேன்.
வெறுந்தாளுக்கு மட்டும் இரண்டு தரம்.

தேத்தண்ணி ஆறுமுன் வந்துவிட்டது:

ரெண்டு தரம் எதுக்கு?