இழுத்துப் பார்

ஐந்தாம் சக்கரம் என்று பெயர்.
குனிந்து எண்ணினால் பத்து:
முன்னால் இரண்டு,
பின் அச்சில் இரட்டை இரட்டையாய் நான்கு,
இழுபடும் வீட்டுக்கு நான்கு.
ஐந்தாவது உருளாது.
பிக்கப்பின் முதுகில், கிரீஸ் அப்பிய லாடம் மாதிரி
வாய் பிளந்து கிடக்கும்.

இண்டியானா, கோஷன் ஊருக்கு வெளியே,
காலை ஐந்தரை.
அங்குலம் அங்குலமாகப் பின்னால் போகிறேன்.
வீட்டின் முளை தாடைக்குள் நுழையும்போது
ஒரு சத்தம், பிசகிய எலும்பு பொருந்துவது போல.
அதை நம்பக் கூடாது.
பூட்டினால் போதாது, இழுத்துப் பார்க்க வேண்டும்.
வீட்டின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
வண்டியை முன்னால் ஒரு உலுக்கு.
பிடி விடாவிட்டால் நம்முடையது.

மார்லிஸுடன் பதினொரு வருஷம் இருந்தேன்.
ஒரு நாளும் இழுத்துப் பார்த்ததில்லை.

நம்முடையது என்றா சொன்னேன்?
ஆறரை டன். இரண்டு படுக்கையறை,
உரை கிழிக்காத சோபா,
சுவரில் கரண்டில் எரியும் பொய்க் கணப்பு.
ஒப்பந்தத்தின் நான்காம் பக்கம் சொல்கிறது:
ஓட்டுநர் உள்ளே தூங்கக் கூடாது, சமைக்கக் கூடாது,
கழிவறையைத் தொடக் கூடாது.
ஆறு பேர் படுக்கும் வீட்டை இழுத்துக்கொண்டு
மூன்று வருஷமாக
ஸ்டியரிங்குக்குப் பின்னால் மடங்கித் தூங்குகிறேன்.
வண்டிக்கு இன்னும் நாற்பத்தொரு தவணை பாக்கி.

வயோமிங்கில், ராலின்ஸ் தாண்ட விடவில்லை.
பனி படுக்கைவசமாகப் பறந்தது.
நெடுஞ்சாலைக்குக் குறுக்கே கம்பத்தை இறக்கிவிட்டார்கள்.
வீடு விலாவில் காற்றை வாங்கி ஆடியது;
அந்த ஆட்டம் முளை வழியே இறங்கி
என் இடுப்புக்கு வந்து சேர்ந்தது.
இரவு இரண்டு மணிக்குச் சாவியை எடுத்தேன்.
குளிருக்காக அல்ல, கேபினில் ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
முதுகை ஒரே ஒரு முறை நீட்ட.

பயணத்துக்காகச் சுவர்களை உள்ளே இழுத்திருந்தார்கள்.
சோபா சமையல் மேடையை முட்டிக்கொண்டு நின்றது.
பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு
நண்டு போலப் பக்கவாட்டில் நுழைந்தேன்.
குழாயைத் திருகினேன், ஏனென்று தெரியாது. வறட்சி.
வெளியே இருக்கும் அதே குளிர்,
காற்று மட்டும் இல்லை.

போன் வெளிச்சத்தில் ஒரு டிராயரை இழுத்தேன்.
அடிப்பலகையில் பென்சில் எழுத்து: எர்வின், செவ்வாய்.
அந்தத் தொழிற்சாலை ஆட்களை எனக்குத் தெரியும்.
வைக்கோல் தொப்பி, தாடி, மதியம் இரண்டு மணிக்கு
கரண்ட் இழுக்காத வீட்டுக்கு சைக்கிளில் திரும்புகிறவர்கள்.
கணப்பைப் பொருத்தியதும் அவர்களில் ஒருவனாக இருக்கும்.

மூன்று படி ஏறினால், சரியாக முளைக்கு மேலே, படுக்கை.
படுத்தேன்.
பிளாஸ்டிக் உரை மூச்சுக்கு மூச்சு முணுமுணுத்தது.
இருபது நிமிஷம், முழு நீளத்துக்கு மனிதனாக.
பிறகு உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச்
சுருக்கம் எடுத்துவிட்டு இறங்கினேன்.

ஐடஹோ, ட்வின் ஃபால்ஸ். வியாபாரியின் முற்றம்.
கோரீன் டயரைத் தட்டினாள், கூரைக்கு ஏணி போட்டாள்,
கீறல் தேடிக்கொண்டே உள்ளே போனாள்.
நான் வாசல் படியில் நின்றேன்.
படுக்கை உரையில் இன்னும் ஓர் ஆள் நீளத்துக்கு மடிப்பு.
அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"ராலின்ஸா?"
"ராலின்ஸ்."
முழங்கையால் ஒரு இழுப்பு இழுத்து அதைச் சமன் செய்தாள்.
சேதம் என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது காலி வண்டி.
பாரம் தாங்கச் செய்த ஸ்பிரிங்
சின்னப் பள்ளத்துக்கெல்லாம் துள்ளிக் குதிக்கிறது.
ஒரு பெட்ரோல் பங்கில் திருப்பும்போது
வழக்கம் போல எதிர்ப் பாதை வரை போய்
அகலமாக வளைத்தேன்.
பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தினான், நீளமாக.
அவனுக்கென்ன தெரியும்.
கண்ணாடியில் பார்த்தேன்,
மூலையில் எதுவும் உரசவில்லை.