ஷட்டர்

டிசம்பர் பிறந்தால் தெற்கு மாசி வீதியில்
எங்கள் ஜவுளிக்கடையே ஞானஸ்நானம் வாங்கிவிடும்.
“உங்க பண்டிகைதானே, நீயே கட்டு” என்று
ஏணியை நீட்டுவார் மேனேஜர்.
தெர்மாகோல் பனியைத் தூவுவேன்,
வியர்த்துக்கொண்டே.
சிவப்புக் குல்லா எல்லாருக்கும்,
பில் போடும் ஜைனம்புவுக்கும்.
வீட்டுக்குப் போனால் மாடி, எதிர்வீடு, பால்காரர்:
கேக் எங்கே?

ஏப்ரலில் கோடைத் தள்ளுபடி.
நேற்றிரவு புதூர் கோயிலில் விளக்கணைத்து
பாஸ்காத் திரியிலிருந்து
கைக்குக் கை தீ போனது.
மணியடித்தபோது
தெருநாய்கள் மட்டும் பதில் சொல்லின.
படுக்கும்போது மணி இரண்டு.
ஆறரைக்கு ஸ்டாக் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள்.

பஸ்ஸில் ஜைனம்பு கேட்டாள்,
“என்னக்கா, கையைச் சுட்டுக்கிட்டீங்களா?”
மணிக்கட்டில் மெழுகு, காசளவு.
“இன்னைக்கு ஈஸ்டர்.”
“அது வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சே,
லீவுகூட விட்டாங்களே!”

சிரித்துவிட்டேன்.
அந்தப் பெண்களும் அன்று
வேலையாகத்தான் போனார்கள்,
இருட்டோடு,
கல்லை யார் புரட்டுவது என்று பேசிக்கொண்டே.

வாட்ச்மேனைக் காணோம்.
ஷட்டர் முழங்கால் உயரம் தூக்கியிருந்தது.
குனிந்து பார்த்தேன்.
உள்ளே
மடித்து வைத்த துணிகள்.