கினிகத்தேனை இறக்கம்

மூன்று இரவு அழுதான்.
வலது காதை இழுத்து இழுத்து
மடலெல்லாம் சிவப்பு.
பக்கத்துக் காம்பராவில் சுவரைத் தட்டினார்கள்.
நாலாம் இரவு தலையணையில்
மஞ்சளாய் ஒரு வட்டம்.
அசந்து தூங்கினான். நாங்களும் தூங்கினோம்.
வலி விட்டுவிட்டதென்று
பவளராணி விடியலில் சிரித்தபடி பிரட்டுக்குப் போனாள்.

சவ்வு கிழிந்துதான் வலி நின்றதென்று
யார் சொன்னார்கள் எங்களுக்கு.

பிறகு மழை. ஆடி முழுக்க மழை.
அவன் மூக்கு காய்ந்த நாளில்லை.

ரோலர் அறையில் எனக்குப் பன்னிரண்டு வருசம்.
அங்கே பேச்சென்றால் கத்தல்.
அந்தக் குரலே என்னோடு லயத்துக்கும் வரும்.
டேய் ருஷாந்த், கதவைச் சாத்து.
டேய்.
முதுகு திரும்பவில்லை.
சொன்ன பேச்சுக் கேளாத பிள்ளை என்றேன்.
ஒருநாள் தொடையில் வைத்தேன் ஒன்று.
ஏனென்று தெரியாமல்
என் வாயையே பார்த்தான்.

பிள்ளைக்காம்பரா ஜெசிந்தாதான் பிடித்தாள்.
பின்னால் நின்று பிஸ்கட் டின்னைத் தட்டினாளாம்,
பதினொரு பிள்ளைகள் ஓடிவந்தன.
இவன்
அவர்கள் ஓடுவதைப் பார்த்தான்,
அதற்குப் பிறகு ஓடினான்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் லைட் அடித்துப் பார்த்தார் டாக்டர்.
ரெண்டு காதிலும், சவ்வுக்குப் பின்னால்
தண்ணி நிக்குது என்றார்.
கண்டிக்கு ஒரு துண்டு எழுதினார்.

ரெண்டு பேருக்கும் ஒருநாள் பேர் போனது.
கினிகத்தேனை வளைவுகளில் பஸ் இறங்க இறங்க
என் காது அடைத்தது.
எப்போதும் அடைப்பதுதான்.
பஸ் பாட்டு எங்கோ கிணற்றுக்குள் ஓடியது,
கொண்டக்டருக்கு வாய் மட்டும் அசைந்தது.
பவளராணி எதையோ கேட்டாள்.
என்ன என்றேன்.
திருப்பிச் சொன்னாள்.
என்ன என்றேன்.
அவள் முகம் சுளித்த விதத்தை
நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்.
என் முகத்தில்தான் இருந்திருக்கும்.

எச்சில் விழுங்கினேன்.
டப்பென்று திறந்தது:
ஹோர்ன், சில்லறை, பின் சீட்டில் யாரோ ஓங்கரிப்பது,
பவளராணி கேட்டது,
துண்டு பத்திரமா இருக்கா.

மடியில் இவன்
கண்ணாடியில் ஆவி ஊதிக்கொண்டிருந்தான்.
தோளைத் தொட்டுத் திருப்பினேன்.
தொண்டையைக் காட்டினேன். இப்படி. விழுங்கு.
விளையாட்டென்று நினைத்தான்.
விழுங்கினான்.
கம்பளை வரைக்கும் விழுங்கிக்கொண்டே வந்தான்,
என் வாயையே பார்த்து.