ஒரே கொடி

இரவு ஒன்று நாற்பதுக்கு
டிரான்ஸ்பார்மர் வெடித்தது
புதுவயல் முழுக்கக் கேட்டது.
அரிசி ஆலைகள் ஒவ்வொன்றாய் வாயடைத்தன.
ஸ்கூட்டரில் நான் வந்து சேர்ந்தபோது
ஜெனரேட்டர் இருமி ஓய்ந்திருந்தது.
டீசல் கேட்டு எழுதிய சீட்டு
முதலாளி மேசையில், கண்ணாடிக் குண்டுக்கு அடியில்,
வெள்ளிக்கிழமையிலிருந்து.

உள்ளே வளர்ப்பறையில்
இரண்டாயிரத்து நானூறு ஜாடிகள்.
முக்கால்வாசி ஜாம் பாட்டில்கள்,
காரைக்குடி பழைய பாட்டில் கடையில்
கிலோக்கணக்கில் எடுத்தவை.
ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடை வனிலா.
இருபத்தைந்து டிகிரிக்கு மேல் ஆகாது.
வெளியே சித்திரை.
சுவரைத் தொட்டால் சுவர் நம்மைத் தொடுகிறது.

மின்வாரியத்தில் சேவுகமூர்த்தி எடுத்தார்.
"நாலு மணியாகும்மா. உள்ள என்ன, ஆஸ்பத்திரியா?"
"ஐஸ்கிரீம்."
"உருகட்டும் விடுங்க" என்றார்,
நியாயமாகத்தான்.

உள்ளே போய்ப் பார் என்று கை துடிக்கிறது.
பார்த்தால் கெடும்.
கதவு ஒருமுறை திறந்தால் ஒரு டிகிரி,
டிகிரியோடு தவிட்டுத் தூசி,
தூசியின் முதுகில் யார் யாரோ.
திறக்காமல் இருப்பதுதான் இன்றிரவு வேலை.
தாழ்ப்பாளுக்கு முதுகு கொடுத்துத்
தரையில் உட்கார்ந்து அதைச் செய்தேன்.

எல்லாம் ஒரே கொடி.
போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலியில்
இன்னும் படர்ந்துகொண்டிருக்கும் ஒன்று.
அதன் கணுக்களை நறுக்கிப்
பாதரச உப்பில் குளிப்பாட்டி
அகர் கூழில் நட்டு
முளைத்ததை மறுபடி நறுக்கி
மறுபடி.
ஸ்பிரிட் விளக்கில் சிவந்த கத்தி ஆறும்வரை
மூச்சைப் பிடித்து எண்ணும் பழக்கம்
வீட்டில் தாளிக்கும்போதும் வருகிறது.

ஆக, உள்ளே இப்போது புழுங்குவது
எத்தனை பேர்?
பதிவேட்டில் 'இழப்பு' என்றொரு கட்டம் உண்டு.
இரண்டாயிரத்து நானூறு என்று எழுதுவதா,
ஒன்று என்றா,
மலையில் அது பாட்டுக்குப் பனி குடித்துக்கொண்டிருக்கையில்
பூஜ்யம் என்றா?

இருட்டில் கணக்கு இப்படித்தான் போகும்.

ஒன்பது வருடமாய் இதே அறை.
ஜாடியைத் திறந்தால்
வெந்த ஜவ்வரிசி வாடை, அவ்வளவுதான்.
கொடி பூக்க மூன்று வருடம்.
பூவுக்குப் பூ கையால் மகரந்தம் ஒட்ட ஒரே ஒரு காலை.
காய் முற்ற ஒன்பது மாதம்.
அதற்குப் பிறகும்
வெயிலிலும் கம்பளியிலும் புரட்டிப் புழுக்கினால்தான்
வாசனை என்று ஒன்று.
அது யாருக்கோ.
நான் அனுப்புவது பச்சை மட்டும்.

நாலு பத்துக்கு ஆலைகள் விழித்தன.
பிறகு ஏசி.
ஆறு மணிவரை திறக்கவில்லை.
பயம் என்றும் சொல்லலாம்.

முள் முப்பத்தொன்றில் நின்றிருந்தது.
ஜாடிகள் வியர்த்திருந்தன.
பச்சை, பச்சையாகவே இருந்தது;
வாட்டம் தெரியப் பத்து நாள் ஆகும்.
மூன்றாம் தட்டில் மட்டும்
பதினோரு ஜாடிகளில்
கூழின்மேல் பாலாடை போல ஒரு படலம்.

வளர்த்தது வெப்பம்.
விதைத்தது வேறு.
மூடியைத் திருப்பினேன்:
வியாழக்கிழமை. ரோ.
ரோஸ்லின்.
எனக்குச் சளி பிடித்திருந்த நாள்.
விடுப்பெடுத்தால் கூலி போகுமென்று
முகமூடிக்குள் தும்மிய நாள்.

இழப்பு: பதினொன்று.
காரணம்: மின்தடை.
பேனா தடையில்லாமல் எழுதியது.

பிறகு மூடி திறக்காமலே
பதினொன்றையும் ஆட்டோகிளேவில் அடுக்கி
நூற்றிருபத்தொரு டிகிரியில் விசில் விட்டு
கழுவிக் கவிழ்த்தேன்.
மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.